ஆப்பு டிராக்டர் ஏறிய கதை

நிற்கும் மரம் என்பது வேரிலிருந்து கிளைக்கு நீரேற்றும் நுண்குழாய்களின் பெருங்கட்டு. அந்தக் குழாய்களைக் குறுக்கே துண்டிக்க ரம்பம் வேண்டும். நெடுக்காக ஒன்றை விட்டு ஒன்றைப் பிரிக்க ஓர் ஆப்பு போதும். நாரோடு நார் ஒட்டியிருக்கும் பிடி, நாரின் சொந்த வலுவில் சிறு பங்குதான். முதல் விரிசல் விழுந்துவிட்டால், நல்ல மரத்தில் அது ஆப்பை முந்திக்கொண்டு ஓடும்.

இந்த உண்மையைக் கண்டுகொண்ட நாள் முதல் மனிதர்கள் ஆப்பின் வடிவத்தை அதிகம் மாற்றவில்லை. கல்லிலும் மரத்திலும் இருந்தது, இரும்புக்கு மாறியது. ஒரு முனை கூர், மறுமுனை தடிப்பு, அவ்வளவுதான். அதைத் தள்ளும் கைதான் மாறிக்கொண்டே வந்தது. சம்மட்டி தள்ளியது, கோடாலியில் பிடியோடு சேர்ந்து ஆப்பே பறந்து வந்தது. இன்று பவேரியாவிலும் ஆஸ்திரியாவின் ஸ்டைரியாவிலும் பண்ணை முற்றங்களில் டிராக்டரின் பின்புறம் நின்றபடி அதே ஆப்பு ஒரு மீட்டர் நீள பீச் மரக்கட்டையில் நிதானமாக இறங்குகிறது. அதைத் தள்ளுவது எண்ணெய். அந்த எண்ணெய் அங்கு வந்து சேர்ந்த வழி நெடியது.

பாரிஸிலிருந்து லண்டனுக்கு

தொடக்கம் ஒரு பிரெஞ்சுக்காரரின் கணக்கு. மூடிய பாத்திரத்தில் உள்ள நீர்மத்தின் மீது ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும் என்று பிளேஸ் பாஸ்கல் எழுதினார். அவர் இறந்த மறு ஆண்டு, 1663-ல், அந்த நூல் வெளிவந்தது. சிறிய பிஸ்டனை ஒருவர் அழுத்தினால், அதைப்போல நூறு மடங்கு பரப்புள்ள பெரிய பிஸ்டனில் நூறு மடங்கு விசை கிடைக்கும். பதிலுக்குப் பெரிய பிஸ்டன் நூறில் ஒரு பங்கு தூரமே நகரும். விசை கூடினால் வேகம் குறையும் என்ற இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும், விறகு பிளக்கும் இயந்திரம் வாங்குகிறவரின் பணத்தைக் காப்பதும் கரைப்பதும் இதே விதிதான்.

பாஸ்கலின் கணக்கைக் கருவியாக்கியவர் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்த ஜோசப் பிராமா. கழிப்பறையும் எளிதில் திறக்க முடியாத பூட்டும் செய்து பெயர் வாங்கிய தச்சர். 1795-ல் அவர் ஹைட்ராலிக் அழுத்தியந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவரைப் பெரிதும் படுத்தியது ஒரு சில்லறைப் பிரச்சினை: பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே நீர் பீறிட்டது. இறுக்கி அடைத்தால் பிஸ்டன் நகரவில்லை. தளர்த்தினால் அழுத்தம் நிற்கவில்லை. அவருடைய பட்டறையில் வேலை பார்த்த இளைஞர் ஹென்றி மாட்ஸ்லே கிண்ணம்போல் வளைந்த தோல் வாஷர் ஒன்றைப் பொருத்தி இதைத் தீர்த்தார் என்பார்கள். அழுத்தம் ஏற ஏற அந்தத் தோலே விரிந்து சுவரோடு இறுகும். அழுத்தம் குறைந்தால் தளரும். நம் ஊர் அடிபம்பில் பழகிய தோல் வாஷர் செய்யும் அதே வேலை.

பிராமாவின் இயந்திரம் மரத்தைச் சந்தித்த ஒரு பெரிய நிகழ்ச்சி அவருக்கே கடைசியாக அமைந்தது. 1814-ல் ஹாம்ப்ஷயரின் ஹோல்ட் காட்டில் அவருடைய அழுத்தியந்திரத்தைக் கொண்டு நூற்றுக்கணக்கான மரங்களை வேரோடு பெயர்த்தார்கள். அந்த வேலையை மேற்பார்வையிட்டபோது பிடித்த குளிர் நிமோனியாவாக முற்றி, அந்த ஆண்டு டிசம்பரில் அவர் இறந்தார்.

நீர் போய் எண்ணெய் வந்தது

பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க ஹைட்ராலிக் என்றால் நீர்தான். துறைமுகப் பாரந்தூக்கிகளும் பாலம் தூக்கும் கருவிகளும் நீரால் இயங்கின. நீருக்கு இரண்டு குணக்கேடுகள்: இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், பனிக்காலத்தில் உறைந்து குழாயை உடைக்கும். மசகாகவும் அது உதவாது. 1906-ல் அமெரிக்கப் போர்க்கப்பலான வர்ஜீனியாவில் பீரங்கிகளைத் திருப்பவும் உயர்த்தவும் எண்ணெயால் இயங்கும் அமைப்பைப் பொருத்தினார்கள். எண்ணெய் உறையாது, துருவேற்றாது, தான் ஓடும் பம்பைத் தானே மசகிடும். நீர் மெல்ல விலகியது. தோல் வாஷரின் இடத்தையும் ரப்பர் பிடித்தது. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் ஓ-ரிங்குக்கு 1939-ல் காப்புரிமை பெற்றார். அதிக அழுத்தத்தில் எண்ணெயை ஒழுகாமல் நிறுத்திவைக்கும் வித்தை அதோடு எல்லாப் பட்டறைக்கும் எட்டியது.

ஆனால் இவை தொழிற்சாலையிலும் கப்பலிலும் நின்றுபோயின. காட்டோரப் பண்ணைக்கு எண்ணெயைக் கொண்டுவந்தது டிராக்டர். அதற்கு இரண்டு வாசல்கள் திறக்க வேண்டியிருந்தது.

முதல் வாசல் பி.டி.ஓ. அமெரிக்காவின் இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1918-ல் தன் டிராக்டரின் பின்புறம் சுழலும் தண்டு ஒன்றை நீட்டி விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்ஜினின் சுழற்சியை டிராக்டருக்கு வெளியே உள்ள கருவிக்கு இரவல் தரும் தண்டு அது. பின்னர் அதன் வேகமும் பல்லமைப்பும் தரப்படுத்தப்பட்டன. நிமிடத்துக்கு 540 சுற்று, 35 மி.மீ. தடிமன், ஆறு பள்ளம். தமிழ்நாட்டில் ரொட்டவேட்டரை மாட்டிச் சேற்றுழவு செய்கிற எந்த ஓட்டுநரும் கையால் தொட்டறிந்த தண்டு இதுதான்.

இரண்டாவது வாசலைத் திறந்தவர் அயர்லாந்தின் டவுன் கவுண்டியில் 1884-ல் பிறந்த ஹாரி ஃபெர்குசன். 1909 டிசம்பர் கடைசி நாளில், தானே கட்டிய விமானத்தில் அயர்லாந்தில் முதன்முதலாகப் பறந்தவர். அந்தக் காலத்துக் கலப்பை டிராக்டருக்குப் பின்னால் சங்கிலியில் இழுபட்டது. கொழு பாறையில் சிக்கினால் டிராக்டர் முன்சக்கரம் தூக்கி ஓட்டுநர் மேலேயே கவிழும். பலர் அப்படி உயிர்விட்டார்கள். ஃபெர்குசன் கலப்பையை மூன்று புள்ளிகளில் டிராக்டரோடு பிணைத்து, அந்தப் பிணைப்பை ஹைட்ராலிக் எண்ணெயால் ஏற்றி இறக்கச் செய்தார். 1926-ல் காப்புரிமை. 1936-ல் டேவிட் பிரவுனுடன் சேர்ந்து முதல் டிராக்டர். 1938-ல் ஹென்றி ஃபோர்டுடன் ஒரு கைகுலுக்கல் மட்டுமே ஒப்பந்தமாக, மறு ஆண்டே ஃபோர்டு 9என் வெளிவந்தது. எழுத்தில் இல்லாத அந்த ஒப்பந்தம் பிறகு நீதிமன்றம் ஏறியது வேறு கதை. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் உருவான ஃபெர்குசன் டிஇ20 ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றது. 1953-ல் அவருடைய நிறுவனம் கனடாவின் மாஸே-ஹாரிஸுடன் இணைந்தது. அந்த மாஸே ஃபெர்குசனின் கூட்டுறவில்தான் 1960-ல் சென்னையில் டாஃபே பிறந்தது. நம் கிராமங்களில் ‘மாஸே’ என்று உரிமையோடு கூப்பிடப்படும் டிராக்டரின் பூர்விகம் இதுவே.

சுழலும் தண்டும் தூக்கும் மும்முனைப் பிணைப்பும் உலகம் முழுக்கத் தர அளவுகளுக்கு வந்தபின், ஆப்பு டிராக்டரில் ஏறத் தடையேதும் இல்லை.

முற்றத்தில் நடப்பது

ஆஸ்திரியாவின் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதி காடு. அதில் பெரும்பங்கு குடும்பங்களின் சொத்து. மாட்டுத் தொழுவமும் கொஞ்சம் காடும் சேர்ந்ததுதான் ஒரு பண்ணை. 1973-ல் பெட்ரோலிய நெருக்கடி வந்தபோது ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பலர் கைவிட்டிருந்த விறகடுப்புக்குத் திரும்பினார்கள். சொந்த மரம், சொந்த டிராக்டர், நீண்ட பனிக்காலம் மூன்றும் ஓரிடத்தில் இருந்தால் விறகு பிளக்கும் இயந்திரம், அதாவது ஸ்ப்ளிட்டர், அங்கே வந்தே தீரும்.

எதற்குப் பிளக்க வேண்டும்? காயவைக்கத்தான். வெட்டிய கையோடு எடை பார்த்தால் மரத்தில் பாதியை ஒட்டி நீர். பட்டை அந்த நீரை விடாது. முழுக்கட்டையாகப் போட்டால் வெளியே உலர்ந்து உள்ளே புழுங்கி, சில மரங்கள் காய்வதற்குமுன் உளுத்தே போகும். பிளந்து உட்புறத்தைக் காற்றுக்குக் காட்டினால் ஓரிரு கோடையில் காய்ந்துவிடும். ஐந்தில் ஒரு பங்கு நீர் உள்ள ஒரு கிலோ விறகு ஏறத்தாழ 4 யூனிட் வெப்பம் தரும். பாதிக்குப் பாதி நீருள்ள ஒரு கிலோ அதில் பாதியைச் சற்றே தாண்டும். மிச்சம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. புகையும் கரியும் புகைபோக்கியில் படியும். இதனால்தான் ஜெர்மனியின் சட்டம், உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டு 25 விழுக்காட்டுக்குக் குறைந்த ஈரமுள்ள விறகையே வீட்டடுப்பில் எரிக்க அனுமதிக்கிறது. இங்கிலாந்தில் 2021 மே 1 முதல், இரண்டு கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது.

மத்திய ஐரோப்பிய வழக்கம் ஒரு மீட்டர் கட்டை. குளிர்காலத்தில் மரத்தைச் சாய்த்து, கிளை கழித்து, மீட்டர் மீட்டராக அறுத்து வைக்கிறார்கள். ஈரம் காயுமுன் நிமிர்ந்து நிற்கும் ஸ்ப்ளிட்டரின் அடித்தட்டில் கட்டையைச் செங்குத்தாக நிறுத்துகிறார்கள். மேலிருந்து ஆப்பு இறங்குகிறது. பச்சை பீச் இணக்கமாகப் பிளக்கும். காய்ந்துவிட்டால் முரண்டு பிடிக்கும். நேர்நாருள்ள ஓக்கும் அப்படித்தான். ஸ்ப்ரூஸில் கணுக்கள் வழி மறிக்கும். எல்ம் மரத்தில் நார்கள் ஒன்றையொன்று பின்னிக் கிடப்பதால் விரிசல் ஓடவே ஓடாது. ஆப்பு முழு நீளமும் இறங்கி நாரைக் கிழித்தாக வேண்டும். கவை பிரியும் இடமும் அப்படியே. பிளந்த மீட்டர் துண்டுகளைத் தெற்குச் சுவரோரம் அடுக்கி, காய்ந்தபின் அடுப்பின் வாய்க்கு ஏற்ப 33 அல்லது 25 செ.மீ. துண்டுகளாக அறுக்கிறார்கள்.

அமெரிக்காவில் வரிசை தலைகீழ். முதலில் அடுப்பளவுக்கு, 40 செ.மீ. சுமாருக்கு அறுத்துவிட்டுப் பிறகு பிளப்பது அங்கே வழக்கம். அதற்குக் குட்டையான, பெரும்பாலும் படுத்த வாக்கிலுள்ள இயந்திரம் போதும். ஆக, எந்த இயந்திரம் என்ற கேள்விக்கு முந்திய கேள்வி, உங்கள் கட்டை எந்த நீளத்தில் முற்றத்துக்கு வருகிறது என்பதே.

டன் சொல்லாத சேதி

கடையில் ஸ்ப்ளிட்டர்கள் டன் கணக்கில் விலைபோகின்றன. 12 டன், 16 டன், 25 டன். பெரிய எண்ணைப் பார்த்து வாங்குகிறவர் பாஸ்கலை மறந்தவர்.

கணக்கு எளிது. 100 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு 78.5 சதுர செ.மீ. எண்ணெயின் அழுத்தம் 200 பார் என்றால் விசை 16 டன். உள்விட்டத்தை 125 மி.மீ. ஆக்கினால் அதே அழுத்தத்தில் 25 டன். கால் பங்கு அகலப்படுத்தியதில் விசை பாதிக்கு மேல் ஏறிவிட்டது. விற்பனையாளருக்கு விளம்பரம் கிடைத்துவிட்டது. ஆனால் பெரிய சிலிண்டரை நிரப்ப அதிக எண்ணெய் வேண்டும். நிமிடத்துக்கு 25 லிட்டர் ஓட்டம் தரும் சிறிய டிராக்டரில் 16 டன் சிலிண்டர் ஒரு மீட்டர் இறங்க 19 விநாடி எடுக்கும். 25 டன் சிலிண்டருக்கு ஏறத்தாழ 30 விநாடி. ஆப்பு மேலே திரும்பும் நேரம் தனி. நாள் முழுக்க நூற்றுக்கணக்கான முறை இறக்கி ஏற்றுகிறவருக்கு இந்தப் பதினோரு விநாடி மணிக்கணக்காகக் குவியும். ஓட்டம் 60 லிட்டராக இருந்தால் இரண்டும் 8, 12 விநாடிகளாகச் சுருங்கும். அப்போதுதான் பெரிய சிலிண்டருக்குப் பொருள் உண்டு.

வேகத்துக்கும் விலை உண்டு. 200 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 60 லிட்டர் தள்ள 20 கிலோவாட் வேண்டும். பம்பின் இழப்பையும் சேர்த்தால் 30 குதிரைத்திறனைத் தாண்டும். 25 லிட்டருக்கு 11 குதிரைத்திறனும் இழப்பும் போதும். இன்ஜினில் இல்லாததை எந்த ஸ்ப்ளிட்டரும் உண்டாக்கித் தராது.

இந்த இழுபறிக்கு நடுவழி இரட்டை வேகப் பம்ப். எதிர்ப்பு இல்லாதபோது அதிக எண்ணெயைக் குறைந்த அழுத்தத்தில் அனுப்பி ஆப்பை விரைவாகக் கட்டைவரை கொண்டுவரும். கட்டை எதிர்த்ததும் குறைந்த எண்ணெயை முழு அழுத்தத்தில் அனுப்பும். இணக்கமான மரங்களில் முதல் அழுத்திலேயே விரிசல் ஓடிவிடுவதால், மெதுவான கட்டம் சில விநாடிகளோடு முடிகிறது.

இன்னொன்று: அமெரிக்க விளம்பரத்தின் டன் 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ. அங்கே 27 டன் என்பது ஐரோப்பியக் கணக்கில் 24.5 டன்னே.

யாருடைய எண்ணெய்?

ஸ்ப்ளிட்டருக்கு எண்ணெய் இரண்டு வழியில் வரலாம். டிராக்டரின் சொந்த ஹைட்ராலிக்கில் ஹோஸ் மாட்டி வாங்குவது ஒன்று. பி.டி.ஓ. தண்டால் இயங்கும் தனிப் பம்பும் தனித் தொட்டியும் ஸ்ப்ளிட்டரிலேயே வைத்துக்கொள்வது மற்றொன்று.

முதல் வழி மலிவு, எடை குறைவு, சுழலும் தண்டு என்ற ஆபத்தும் இல்லை. ஆனால் சிறிய காம்பாக்ட் டிராக்டர்கள் பலவற்றில் வெளியே கிடைக்கும் ஓட்டம் நிமிடத்துக்கு 20, 30 லிட்டர்தான். பல டிராக்டர்களில் ஹைட்ராலிக்குக்கும் கியர்பெட்டிக்கும் ஒரே எண்ணெய். பெரிய சிலிண்டர் விரியும்போது அதைக் குடித்துவிட்டால் உள்ளே மட்டம் இறங்கும். ஹோஸின் வாயில் ஒட்டிய மண்ணும் மரத்தூளும் கியர்பெட்டிவரை பயணம் போகும். டிராக்டரின் எண்ணெய் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும் வகையா, கேட்கும்போது மட்டும் பாயும் வகையா என்று பார்த்து, ஸ்ப்ளிட்டரின் வால்வும் அதே வகையில் இருக்குமாறு எடுக்க வேண்டும்; பொருந்தாவிட்டால் எண்ணெய் கொதிக்கும்.

இரண்டாவது வழியில், 540 சுற்றை ஒரு கியர்பெட்டி ஏறத்தாழ மூன்று மடங்காக்கிப் பம்பைச் சுழற்றும். டிராக்டரின் ஹைட்ராலிக் பழையதா, சிறியதா என்ற கவலையில்லை. பழைய டிராக்டர் வைத்திருப்பவருக்கும் நாள் முழுக்க வேலை செய்பவருக்கும் இதுவே பொருந்தும். இதற்குக் கட்டணம் எடை: மீட்டர் கட்டை பிளக்கும் நிமிர்ந்த மாதிரிகள் எளிதாக 300 கிலோவைத் தாண்டும். டிராக்டரின் தூக்குதிறனை இணைப்புக் கம்பியின் நுனியில் அளந்து சொல்லியிருந்தால், அதிலிருந்து 60 செ.மீ. பின்னால் அது கணிசமாகக் குறையும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். முன்சக்கரம் இலேசாகிச் சரிவில் திசை திரும்பாமல் போவது, ஃபெர்குசன் தீர்க்கப் பார்த்த அதே பழைய ஆபத்தின் இன்னொரு முகம். சிறிய டிராக்டர்களுக்கு 22 மி.மீ. ஊசி, நடுத்தரமானவற்றுக்கு 28 மி.மீ. ஊசி என்று பிணைப்பிலும் தரங்கள் உண்டு. அதையும் சரிபார்க்க வேண்டும்.

பழைய ஸ்ப்ளிட்டர் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது சிலிண்டரின் பளபளக்கும் தண்டை. அதில் கீறலோ துருப்புள்ளியோ இருந்தால் புது சீல் போட்டாலும் அது நாளடைவில் கிழியும். பிராமாவைப் படுத்திய ஒழுக்கு, இருநூறு ஆண்டுகள் கழித்தும் வீடு தேடி வரும்.

ஆப்பசைத்த குரங்கு

பஞ்சதந்திரக் குரங்கு பாதி பிளந்த மரத்தில் உட்கார்ந்து ஆப்பைப் பிடுங்கியது. பிளவு மூடிக்கொண்டது, குரங்கு செத்தது. மரத்தச்சரின் பட்டறையில் பிறந்த அறிவு அது. பிளவுக்குள் உறங்கும் விசை இயந்திரம் வந்தபின் குறையவில்லை, கூடியது.

ஆப்பு வகை ஸ்ப்ளிட்டர்களுக்கான ஐரோப்பியத் தரவிதி இஎன் 609-1, நிமிர்ந்தவற்றில் இரண்டு கையும் இரண்டு கைப்பிடியில் இருந்தால்தான் ஆப்பு இறங்க வேண்டும் என்கிறது. ஒரு கையை எடுத்தாலும் ஆப்பு நிற்கும். ஒரு கையால் கட்டையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு கைப்பிடியைக் கயிறு கட்டி வைப்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. விரலிழக்க அது நேர்வழி. இருவர் சேர்ந்து வேலை செய்தால் ஒருவர் கட்டை எடுக்க, மற்றவர் கைப்பிடி இயக்க, கணத்தில் ஒருவர் கை உள்ளே இருக்கும். இயக்குகிறவர் ஒருவரே, கட்டையை வைக்கிறவரும் அவரே என்பது பாதுகாப்பான முறை.

பி.டி.ஓ. தண்டுக்கு மூடி இல்லாமல் ஓட்டக் கூடாது. நொடிக்கு ஒன்பது சுற்று என்பது வேட்டியோ துண்டோ சுற்றிக்கொண்டால் கையை எடுக்க நேரம் தராத வேகம். தண்டில் நேரடியாக மாட்டும் கூம்புத் திருகு வகைகள் எண்ணெயே இல்லாமல் மரத்தைத் துளைத்துப் பிளப்பவை. மலிவாகத் தோன்றினாலும் ஆடையைச் சுற்றும் அபாயம் அவற்றில் அதிகம். ஹோஸில் ஊசித்துளை விழுந்தால் அதிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வலி குறைவாக இருந்தாலும் அது அறுவைச் சிகிச்சை தேவைப்படும் அவசரம். கசிவைத் தேட அட்டைத் துண்டைப் பிடியுங்கள், கையால் தடவாதீர்கள்.

தமிழ்நாட்டில் விறகு பெரும்பாலும் சவுக்கும் சீமைக்கருவேலமும். கைப்பிடிக் கனத்துக் கம்புகளைப் பிளக்க எந்த இயந்திரமும் தேவையில்லை. தேயிலையை உலர்த்த இன்றும் விறகெரிக்கும் நீலகிரித் தொழிற்சாலைகளில் பருத்த யூகலிப்டஸ் கட்டைகள் வந்திறங்கும் இடங்களுக்குத்தான் இந்தக் கணக்கு நேரடியாகப் பொருந்தும். அங்கும் ஸ்டைரியாவிலும் வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே. கடைக்குப் போகும்முன் டிராக்டரின் கையேட்டைத் திறந்து மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: பி.டி.ஓ. குதிரைத்திறன், ஹைட்ராலிக் வெளியோட்டம், பின்புறத் தூக்குதிறன். அவற்றோடு உங்கள் கட்டையின் நீளத்தையும் பருமனையும் சேருங்கள். அதன்பின் டன் எண்ணைப் பாருங்கள். அந்த மூன்று எண்களுக்கும் பொருந்தாத 25 டன்னைவிட, பொருந்துகிற 16 டன் மாலைக்குள் அதிக விறகு தரும்.